எங்கள் வீட்டுச் சூட்டை அளக்க வந்தவர்

ஆவடியில் ஓர் அலுவலகத்தில் எட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்ததில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றுதான். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அதிகாரி விரித்து வைத்திருக்கும் கோப்பைத் தலைகீழாகப் படிப்பது. யாருக்கு மாற்றல், யாருக்கு மெமோ என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இந்த வித்தையைச் சொந்த வீட்டில் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். என்னைவிட நாலு வயது மூத்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மிஷினுக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். ஃபோர்மேனாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஃபோர்மேன் லீவில் இருந்தார். அதற்குப் பிறகுதான் டாக்டர், மாத்திரை எல்லாம். தெருவில் யாராவது கேட்டால், "அவனுக்குக் கொஞ்சம் டென்ஷன்" என்று சொல்லி வைத்திருந்தோம். எங்கள் அயனம்பாக்கத்தில் அப்போது யாருக்கும் டென்ஷன் வந்ததில்லை என்பதால் மேற்கொண்டு கேள்வி வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குள் மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கன்னத்தில் சதை போட்டு, சிரித்த முகமாகத் திரும்பி வருவான். நாலைந்து மாதம் நன்றாக ஓடும். பிறகு காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுவான். மூன்றாவது முறை அவன் உள்ளே இருக்கும்போதே டாக்டர் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மருந்து ஒழுங்காத்தான் சாப்பிடறாரு. அப்படியும் திரும்பி வர்றாருன்னா, வீட்ல எப்படி இருக்குன்னு பார்க்கணும். எங்க சோஷியல் வொர்க்கர் மேடம் ஒருத்தர் வருவாங்க. அவங்க பார்த்துட்டு சொல்லட்டும். வீடு சரிப்படலைன்னா குமணன்சாவடி பக்கம் ஒரு விடுதி இருக்கு. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்."

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நம்ம ஊட்டுக்கு பரீட்சையாடா?"

"அப்படித்தான்மா தோணுது."

"பெயிலானா எம் புள்ளைய குடுக்க மாட்டாங்களா?"

"நான் பார்த்துக்கறேன்மா" என்றேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பரீட்சை என்றால் என் இலாகா.

மேடம் அடுத்த வாரமே வந்தார். பாளையங்கோட்டைக்காரர். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு டேப் ரெக்கார்டர், கையில் ஒரு படிவம், ஒரு பென்சில். எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, அண்ணனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்வாராம். அவர் குறுக்கே பேச மாட்டார், டேப் மட்டும் ஓடும். வேறொரு நாள் அண்ணனையும் வீட்டுக்கு வரவழைத்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து எப்படிப் பழகுகிறோம் என்று பார்ப்பார். இன்றைக்குச் சும்மா அறிமுகம்.

அறிமுகத்துக்குள்ளேயே அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். "அந்த கய்தே துணி தொவைக்கப் போடவே போடாதுமா." "அந்த கய்தேக்கு கருவாடுன்னா உசுரு." "அந்த கய்தே இல்லாம ஊடே நல்லால்லமா."

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "யாரும்மா? கழுதைன்னா சொல்றீங்க?"

"கழுத இல்லமா. கய்தே."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஐய, அது வேற இது வேற. கழுதன்னு புள்ளைய சொல்லுவாங்களா?"

மேடம் படிவத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். அந்த நேரத்தில்தான் என் அலுவலக வித்தை தானாக வேலை செய்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலைகீழாகப் படித்துவிட்டேன். ஐந்து கட்டங்கள். குறை கூறல். பகைமை. அளவு மீறிய ஈடுபாடு. பரிவு. பாராட்டு. கோடு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று மட்டும் தெரியவில்லை. அவர் கை மறைத்துவிட்டது. குறை கூறலில்தான் விழுந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவர் போனதும் வேலையை ஆரம்பித்தேன். அம்மா சாதாரணமாகப் புழங்கும் வசைகளை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இவற்றை இனி சொல்லக் கூடாது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திகைத்தாள். "ஏன்டா, இத்தினியும் நானா சொல்றேன்?"

"இது 'க' வரைக்கும்தாம்மா. பேப்பர் பத்தல."

"அப்போ எப்டித்தான்டா பேசறது?"

"நல்ல தமிழ்ல பேசும்மா. மரியாதையா, அன்பா."

அப்பா ஈசிசேரில் இருந்தார். எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. நாள் முழுக்க உதிரி பாகங்களை அளந்து, தேறாததைத் தனியே ஒதுக்குவது அவர் வேலை. "நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

"நீங்க பேசாம இருந்தாலே போதும்ப்பா."

"அதத்தான்டா முப்பது வருஷமா பண்ணிகினு கீறேன்."

நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அம்மாவுக்கு இரண்டே தமிழ்தான் தெரியும். ஒன்று அவள் பேசுவது. மற்றது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பேசுவது. முதலாவதை நான் தடை செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலைக்கு மட்டும் அனுமதி வாங்கி அண்ணனை அழைத்துவந்தேன். மேடம் முன்னமே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். டேப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைப் புடவையோடு வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"உள்ளே வா, மகனே. உன் வரவினாலே எங்கள் இருதயம் களிகூருகிறது."

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். அம்மாவைப் பார்த்தான். வெள்ளைப் புடவையைப் பார்த்தான். என் காதருகே குனிந்து, "யார்ரா பூட்டாங்க?" என்றான்.

"யாரும் போகல. உள்ள வா."

"பின்ன ஏன் இந்தம்மா பாட்டுப் புஸ்தகம் மாதிரி பேசுது?"

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வஞ்சிர மீன் குழம்பு. அம்மா தட்டை வைத்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து, "மகனே, போஜனம் பண்ணு" என்றாள். எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது. அண்ணன் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினான். முகம் மெல்ல மெல்ல வெளிறியது. அந்த முகத்தை நான் இதற்கு முன் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அதற்கடுத்து ஆஸ்பத்திரிதான்.

"எங்கம்மா எங்க?" என்று அவன் மேடத்தைப் பார்த்துக் கேட்டான். "இது எங்கம்மா இல்ல. ஆள மாத்திட்டாங்க."

எழுந்து போய்ப் பின்கட்டில் சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டான். காதைப் பொத்திக்கொண்டான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். மேடம் மட்டும்தான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா புடவையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"டேய் கய்தே! விடியக்காலைல எந்திரிச்சு, சர்ச்சுக்குப் போறதுக்கு மின்ன மார்க்கெட்டுக்குப் போயி, அந்த மீன்காரிகிட்ட சண்ட போட்டு நடுத்துண்டா வாங்கியாந்து கொழம்பு வெச்சா, நீ செவுத்த பார்த்துகினு குந்திகினு கீறியா? பொறம்போக்கு! கொழம்பு ஆறுது, வந்து துன்னுடா!"

பின்கட்டில் அவன் முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்பதான் எங்கம்மா வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அவன் தலையில் ஒன்று வைத்தாள். அவன் பதிலுக்கு அவள் முந்தானையில் கையைத் துடைத்தான். டேப் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. மேடத்தின் பென்சில் நிற்கவே இல்லை. நான் குமணன்சாவடிக்கு எந்த பஸ் போகும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணனைத் திரும்ப விட்டுவந்த பிறகு, பிற்பகலில் தனித்தனிப் பதிவு. அம்மா முதலில். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. தடைப்பட்டியலில் ஒரு சொல் பாக்கியில்லாமல் வந்தது, பட்டியலில் நான் எழுத மறந்ததும் வந்தது. அதற்குப் பிறகு அழுகை. அப்பா உள்ளே போனார். அவருக்கு ஐந்து நிமிடம் பேசச் செய்தி இல்லை. ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, கருவியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

"மேடம், இந்த அளவு கணக்கெல்லாம் எங்க போட்டது?"

"வெளிநாட்லதான் சார் ஆரம்பிச்சாங்க."

"அதான் கேட்டேன். எங்க கம்பெனில வெர்னியர்னு அளவு பாக்கற சாமான் ஒண்ணு கீது. வாய மூடினா ஸீரோ காட்டணும். சிலது மூடியே ரெண்டு காட்டும். அதத் தூக்கிப் போட மாட்டோம். ரெண்டக் கழிச்சுகினு அளவு எழுதுவோம். எங்க ஊட்டுக்காரி வாய மூடினாலே ரெண்டு காட்டும். அதக் கழிச்சுகினு எழுதுங்க."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "யாருய்யா அங்க வாய மூடறது?"

"பார்த்தீங்களா மேடம்? இதான் ஸீரோ."

கடைசியில் நான். குடும்ப மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் என் தலையில். ஒரு வாரமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு வசை இல்லை, குரல் உயரவில்லை. ஐந்து நிமிடத்தைச் சரியாக ஐந்து நிமிடத்தில் முடித்தேன். வெளியே வரும்போது, இந்த வீட்டில் பாஸானவன் நான் ஒருவனாவது இருப்பேன் என்ற நிம்மதி இருந்தது.

பத்து நாள் கழித்து மேடம் என்னை மட்டும் வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவருடைய அறை மிகச் சிறியது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் என் கண் பழக்கத்தில் படிவத்துக்குப் போனது. அவர் அதைச் சாதாரணமாகத் திருப்பி என் பக்கமாகவே வைத்தார்.

"நேராவே படிங்க. அன்னைக்கே பார்த்தேன், நீங்க சிரமப்பட்டுப் படிச்சதை."

அம்மாவின் தாளில் குறை கூறலில் சில கோடுகள்தான் இருந்தன. 'பரிவு' கட்டத்தில் அதற்கு மேல் எண் கிடையாது என்கிற அளவுக்கு ஓர் எண். எனக்குப் புரியவில்லை. "அத்தனை கெட்ட வார்த்தைக்குமா?" என்றேன்.

"வார்த்தைய மட்டும் எண்ணினா தப்பா வரும். குரலையும் கேக்கணும். உங்கம்மா எதைச் சொன்னாலும் குரல் அவரைப் பக்கத்துல கூப்பிடுது. ஈடுபாடுதான் கொஞ்சம் ஜாஸ்தி. முப்பத்திரண்டு வயசு ஆளுக்கு ஊட்டி விடறாங்க. அதைப் பேசிக்கலாம். உங்கப்பாவும் பிரச்சினை இல்ல." டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் இழுத்தார். "உங்க டேப்பைத்தான் மூணு தடவை கேட்டேன்."

பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் டேப்பை ஓடவிட்டார். என் குரல் கணீரென்று வந்தது.

"எங்கள் அண்ணன் ஒரு தத்துவ ஞானி. உழைப்பு என்பதன் மீது அவருக்கு ஆழ்ந்த ஐயப்பாடுகள் உண்டு. பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு எழுந்தருளி உலகத்துக்குத் தரிசனம் தருவார். குளியல் என்பது மாதாந்திரத் திருவிழா..."

இப்படியே ஐந்து நிமிடம். எழுதிப் படித்தது போலிருந்தது. கேட்கக் கேட்க எனக்குக் காது சூடானது. ஒரு வாக்கியத்தில்கூட என் அண்ணன் இல்லை. வாக்கியந்தோறும் நான்தான் இருந்தேன், கைதட்டலுக்குக் காத்துக்கொண்டு.

என் தாளை அவர் காட்டினார். குறை கூறல் கட்டத்தில் கோடுகள் வேலி போட்டதுபோல் நின்றன. பரிவுக்கு நேரே பென்சில் தொடவே இல்லை.

"எழுதுவீங்களா?" என்றார்.

"கொஞ்சம்."

"நினைச்சேன்." பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டாளுங்களால இந்த நோய் வர்றதில்ல. ஆனா வந்தவங்களுக்கு வீட்ல சூடு ஜாஸ்தியானா, குறை சொல்லிட்டே இருந்தா, தாங்காது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருப்பீங்க?" என்று கேட்டார்.

அலுவலக நேரம் போக மீதி எல்லாம். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். மூன்று முறையும் அவன் மாடிக்கு ஏறியது, நான் வீட்டில் இருந்த சாயங்காலங்களில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருமுறை அவன் என்னிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது: "டேய், நீ இன்னா சொல்றன்னு பிரில. ஆனா என்னத்தான் சொல்றன்னு பிரியுது." எவ்வளவு நல்ல வாக்கியம் என்று வியந்து, அன்றே டைரியில் எழுதி வைத்தேன். எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

"நாளைக்கு டாக்டர் கேப்பாரு, வீடா விடுதியான்னு" என்றார் மேடம். "என்ன சொல்லட்டும்?"

"நான் வேணும்னா விடுதிக்குப் போயிடறேன்."

அவர் பென்சிலை எடுத்தார். "இதுக்கும் ஒரு கோடு போடவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வீடுன்னே சொல்லுங்க மேடம். நான் கத்துக்கறேன்" என்றேன். இப்போது யோசித்தால், அலங்காரம் இல்லாமல் நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வியாழக்கிழமைகள் அவரிடம் போனேன். பாடம் மிகச் சுலபம். எது பிடிக்கவில்லையோ அதை மட்டும் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. என்ன வேண்டுமோ அதை நேராகக் கேட்க வேண்டும். சொன்னதும் நிறுத்திவிட வேண்டும். இந்த நிறுத்துவதுதான் என்னைக் கொன்றது. "ரேடியோவைக் கொஞ்சம் குறை, எனக்குத் தலை வலிக்குது" என்று மேடத்தின் முன் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் சொல்லுவேன். சொன்னதற்குப் பின்னால் ஒரு வால் தானாக முளைக்கும். "ஊருக்கே ஒலிபரப்பு செய்யும் பொறுப்பை அரசாங்கம் உன்னிடம்..." மேடம் கையைத் தூக்குவார். மறுபடி முதலிலிருந்து. நாற்பது பக்கம் நிற்காமல் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு வரியில் முற்றுப்புள்ளி வைக்க வரவில்லை.

அம்மாவுக்கும் பாடம் உண்டு. ஊட்டிவிடக் கூடாது. "கையக் கட்டிப் போடறாங்கடா" என்று புலம்பினாள். ஆனால் செய்தாள். அலமாரித் தாளை அவளே கிழித்து அடுப்பில் போட்டாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். பகலில் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பட்டறையில் வேலை, சாயங்காலம் வீடு. நான் சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதென்று ஏற்பாடு. முதல் மாதம் நாங்கள் இரண்டு பேரும் புதிதாகக் குடிவந்தவர்கள் போல நடந்துகொண்டோம். நான் வாயைத் திறந்தாலே அவன் தோள் இறுகும். நான் சொல்லி முடித்த பிறகும், மிச்சம் இருக்கிறது என்று காத்திருப்பான்.

இரண்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்கு மதியத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. என்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையைக் காணோம், நீலக் கோடு போட்டது. அம்மா, "அவன் போட்டுகினு ஏரிக்கரைக்குப் போனான்" என்றாள். என் வாயில் அப்போது ஊறிய வாக்கியங்களை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். எல்லாமே தரமானவை. ஏரிக்கரை வரை அவற்றை மென்றுகொண்டே நடந்தேன்.

அவன் கரையில் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தோள் இறுகியது. கை காதை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"எஞ் சட்டைய எடுத்தா என்கிட்ட சொல்லு" என்றேன். "சொல்லாம எடுத்தா எனக்குக் கோவம் வருது. இப்ப அது எனக்கு வேணும்."

அவன் காத்திருந்தான். நானும் நின்றேன். ஏரியில் ஒருவர் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பால?" என்றான்.

"அப்பால ஒண்ணுமில்ல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

என் முகத்தை ரொம்ப நேரம் தேடினான். வால் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று. பிறகு கை மடியில் இறங்கியது. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை ஓர் உதறு உதறி, என்னிடம் நீட்டினான். பனியனோடு என் கூடவே எழுந்து நடந்தான். பாதி வழியில் கேட்டான்:

"நாளைக்கு நான் போட்டுக்கவா?"

"நாளைக்கு தொவைக்கணும்."

"அப்போ நாளன்னிக்கு?"

"நாளன்னிக்குப் போட்டுக்கோ."

"சரி" என்றான். அந்த வருடம் அவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. பின்னால் ஒருமுறை போனான், சில வாரங்களில் வந்துவிட்டான். நாளன்னிக்குச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். எனக்கு இருப்பதைவிட அவனுக்கு அது நன்றாக இருந்தது. அதையும் அவனிடம் சொன்னேன், நேராக.